லூபெரோனில் அமைதியான சைக்கிள் சாலைகள்: பெரிய சாலையை முதலில் தேடுங்கள்

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். நானும் கணவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், இருவரிடமும் ரோடு பைக் உண்டு. போன வருடம் தெற்கே லூபெரோன் மலைப்பகுதியில் உள்ள ஆப்ட் ஊரில் தங்கியிருந்தபோது, போன் காட்டிய வழியை நம்பி டி 900 சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். இறங்கி நின்ற பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. இந்த செப்டம்பரில் அதே ஊருக்கு ஒரு வாரம் காரில் போகிறோம். வாகன நடமாட்டம் குறைந்த சாலைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் வரை ஓட்டுவோம். ஏற்றம் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. அந்தச் சாலையின் பெயரில் இருக்கும் 'டி' எழுத்து பலரை ஏமாற்றியிருக்கிறது. பிரான்சில் 'ஏ' என்றால் அதிவேகச் சாலை, அங்கே சைக்கிளுக்கு இடமில்லை. 'என்' தேசியச் சாலை, 'டி' மாவட்டச் சாலை, 'சி' ஊர்ச் சாலை. ஆகவே 'டி' என்றால் சின்னச் சாலை என்று நினைப்பது இயல்புதான். ஆனால் 2006 வாக்கில் அரசு பல தேசியச் சாலைகளை மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. அப்போது பெயர்ப்பலகை மாறியது, லாரிகள் மாறவில்லை. டி 900 அதற்கு முன் என் 100 ஆக இருந்த சாலை. அந்தப் பள்ளத்தாக்கின் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது.

இதிலேயே உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. ஒரு கிராமத்துச் சாலை அமைதியாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே இன்னொரு வேகமான சாலை இருக்கிறது, அவசரக்காரர்கள் எல்லோரும் அதில் போய்விடுகிறார்கள். அதனால் வரைபடத்தை விரித்ததும் சின்னச் சாலையைத் தேடாதீர்கள். பெரிய சாலை எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு அதற்கு இணையாக, பள்ளத்தாக்கின் மறு பக்கத்திலோ மேட்டின் மேலோ வளைந்து போகும் மெல்லிய கோட்டைத் தேடுங்கள். பெரிய சாலையே இல்லாத பள்ளத்தாக்கில் ஒரே ஒரு சாலை மட்டும் இருந்தால் கவனம் தேவை. அது எவ்வளவு ஒடுக்கமாக இருந்தாலும் எல்லா வண்டியும் அதில்தான் வந்தாக வேண்டும். ஆப்டிலிருந்து தெற்கே லூர்மரன் போகும் டி 943 அப்படிப்பட்டது. பாறைகளுக்கு நடுவே நெளிந்து போகும் அழகான சாலைதான், ஆனால் லூபெரோன் மலையைக் குறுக்காகக் கடக்க நினைக்கும் எல்லோரும் அதில்தான் வருகிறார்கள். அதைத் தவிருங்கள்.

இதற்குப் போனைவிடக் காகித வரைபடம் நல்லது. மிஷ்லின் நிறுவனத்தின் 1:1,50,000 அளவிலான 332-ஆம் எண் வரைபடத்தில் நீங்கள் போகும் வோக்லூஸ் மாவட்டம் முழுவதும் இருக்கிறது. அதில் சிவப்பு முக்கியச் சாலை, மஞ்சள் அடுத்த நிலை, வெள்ளை சின்னச் சாலை. உங்களுக்கு வேண்டியது வெள்ளை. ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் காட்சி அழகு என்று அர்த்தம், அமைதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் ஜூலை, ஆகஸ்டில் பச்சைக் கோட்டைப் பார்த்தே காரில் கூட்டம் வரும். சாலையின் மேல் சிறு அம்புக்குறிகள் இருந்தால் அது ஏற்றம்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். மூன்றைப் பார்த்தால் வேறு வழி பாருங்கள்.

வரைபடத்தில் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்த பிறகு, இணையத்தில் அந்தச் சாலையின் படத்தைத் திறந்து நடுவில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். நான் எந்தப் புதுச் சாலைக்கும் இதைச் செய்யாமல் போவதில்லை. நடுக்கோடு இல்லாத சாலை என்றால் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் இரண்டுமே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அவசரமாகப் போகிறவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

சரி, உங்கள் வாரத்துக்கு வருவோம். முதல் நாள் இந்தச் சுற்றைப் போய்வாருங்கள், மொத்தம் 35 கிலோமீட்டர் சொச்சம் வரும். ஆப்டிலிருந்து மேற்கே கலவோன் சைக்கிள் பாதையைப் பிடியுங்கள். பழைய ரயில் பாதையைத் தார் போட்டு சைக்கிளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஏற்றம் தெரியாது. போன வருடம் உங்களை நடுங்க வைத்த அதே டி 900-க்கு இணையாகத்தான் இது ஓடுகிறது! எட்டு கிலோமீட்டர் போனதும் 'போன் ஜூலியன்' என்ற பழைய பாலம் வரும். கி.மு. 3-ஆம் ஆண்டு ரோமானியர் கட்டிய, மூன்று வளைவுகள் கொண்ட கல் பாலம். 2005 வரை கார்கள் அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, பழையதை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள். நடுவில் நிறுத்தி, பக்கச் சுவரின் கல்லை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பாலத்திலிருந்து டி 149 தெற்கே போன்யோ ஊருக்கு ஏறுகிறது. ஐந்தாறு கிலோமீட்டர், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே. செப்டம்பர் என்பதால் அறுவடை நடக்கும். பழம் ஏற்றிய டிரெய்லருடன் டிராக்டர்கள் வரும், அவை அவசரப்படுத்தாது, நீங்களும் ஒதுங்கி வழி விடுங்கள். சாலையில் நசுங்கிய பழம் கிடக்கும் வளைவுகளில் மட்டும் பிரேக்கை மெல்லப் பிடியுங்கள், அந்தச் சாறு எண்ணெய் மாதிரி வழுக்கும்.

போன்யோவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு டி 232-இல் கிழக்கே திரும்புங்கள். ஓரிடத்தில் அந்த டி 943-ஐக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும், இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதுதான் கிளாபரேத் மேட்டுநிலம். நான் இந்தப் பகுதியை மறுபடி மறுபடி தேடிப் போவதே இதற்காகத்தான். கல் நிறைந்த மண், குட்டையான ஓக் மரங்கள், வயல் ஓரங்களில் சுண்ணாம்புக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய 'போரி' குடிசைகள். லாவண்டர் அறுத்து முடிந்திருக்கும், ஊதா நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். வெட்டிவிட்ட வரிசைகள் சாம்பல் பச்சையாக உருண்டை உருண்டையாய் நிற்கும். உங்கள் சங்கிலி ஓடும் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

மேட்டின் முடிவில் பெரிய பாறையின் கீழே சேன்யோன் கிராமம். சதுக்கத்து நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு டி 48-இல் இறங்கினால் ஆப்ட். இறக்கம் வளைந்து வளைந்து வரும், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

இரண்டாவது, நெஸ்க் பள்ளத்தாக்கு. நான் மேலே சொன்ன விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வில்-சூர்-ஓஸோன் ஊரிலிருந்து சோ ஊருக்குப் போக இரண்டு வழி. டி 1 கணவாய் வழியாக நேராகப் போகிறது, டி 942 மலைச் சரிவைக் குடைந்து ஆற்றின் வளைவுகளோடு சுற்றிப் போகிறது. உள்ளூர்க்காரர்கள் முதலாவதில் போய்விடுவதால் இரண்டாவது ஏறக்குறைய சைக்கிளுக்கே விடப்பட்டிருக்கிறது. எண் சின்னதாக இருந்தால் சாலையும் சின்னது என்று எண்ணக் கூடாது என்பதையும் இங்கே பார்க்கலாம். சைக்கிள்களைக் காரில் வில்-சூர்-ஓஸோன் வரை கொண்டுபோய், அங்கிருந்து 734 மீட்டர் உயரத்தில் இருக்கும் கஸ்தலராஸ் காட்சிமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினால் உங்கள் 40 கிலோமீட்டர் ஆகிவிடும். ஏற்றம் நீளமானது, ஆனால் மென்மையானது, பேசிக்கொண்டே ஏறலாம். குட்டிச் சுரங்கங்கள் உண்டு, பின் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் போனால் மேலிருந்து விழுந்த கற்கள் சாலையில் கிடக்கும், திரும்பி இறங்கும்போது அதைக் கவனியுங்கள்.

வேறொரு வருடம் மேற்கே லோ மாவட்டத்துக்குப் போனாலும் இதே கணக்குதான். லோ ஆற்றங்கரையின் டி 662-ஐ விட்டு, பக்கத்துச் செலே ஆற்றின் டி 41-ஐப் பிடியுங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். ஊருக்கு வெளியே உங்களை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம், பின்னால் வண்டி முந்த வந்தால் ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சந்திலிருந்து கார் சட்டென்று வெளியே வந்தால் அது அவர் உரிமை, அதனால் வலது பக்கம் கண் வையுங்கள். 'கிராவியோன்' என்று பலகை பார்த்தால், புதுத் தாரின் மேல் பொடிக்கல் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதில் வளைவில் சாய்க்காதீர்கள். டயரின் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, ஃபிரேமில் இடம் இருந்தால் 32 போடுங்கள்.

கிராமக் கடைகள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடும், திங்கட்கிழமை பல கடைகள் திறக்கவே திறக்காது. பன்னிரண்டுக்கு முன்பே ரொட்டி வாங்கிவிடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், பூச்செடிகளுக்காக அங்கே குழாய் இருக்கும். 'ஓ நோன் பொதாப்ள்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

காற்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்திரால் சில நாட்கள் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். வானம் கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கும், வெளியே வந்தால் ஆளைத் தள்ளும். அப்படிப்பட்ட நாளில் மேட்டுநிலமும் மலையும் வேண்டாம். கலவோன் பாதையில் எதிர்காற்றில் மேற்கே கொஞ்ச தூரம் போய்விட்டு, களைத்த பிறகு காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

சனிக்கிழமை காலை ஆப்டில் பெரிய சந்தை. ஊருக்குள் வரும் எல்லாச் சாலையும் நிரம்பிவிடும், பத்து மணிக்குச் சைக்கிளில் கிளம்பினால் போன வருட அனுபவம்தான் மறுபடியும். அன்று காலை நடந்தே சந்தைக்குப் போய்ப் பழமும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு மேல் சேன்யோனுக்கு ஏறினால், வெயில் சாய்ந்து பாறை மஞ்சளாகும் நேரத்தில் மேலே இருப்பீர்கள்.