நேப்பியருக்குத் துத்தநாகம் தெளித்தால் தாது உப்பை நிறுத்தலாமா?

கேள்வி: நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ கம்பு நேப்பியர் தீவனப்புல் போடுகிறேன். ஒரு மாட்டுக்குக் காலில் தோல் தடித்துச் செதில் உதிர்கிறது, சினையும் நிற்கவில்லை. துத்தநாகக் குறைவு என்கிறார்கள். பயிருக்கே நுண்ணூட்டம் கொடுத்துவிட்டால் தாது உப்புக் கலவையை நிறுத்திவிடலாமா?

பதில்: பயிருக்குக் கொடுங்கள், ஆனால் தாது உப்பை நிறுத்தாதீர்கள். 10 கிலோ உலர்பொருள் (தண்ணீர் நீக்கிய தீவன எடை) தின்னும் கறவை மாட்டுக்கு, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று வைத்தாலும் தினம் 400 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். உங்கள் 25 கிலோ நேப்பியரில் தண்ணீர் போக மிஞ்சுவது சுமார் 5 கிலோதான். அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்தால் மாட்டுக்குப் போவது 100. தெளித்து அதை 35 ஆக்கினாலும் 175தான். தட்டையும் அடர்தீவனமும் கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க அல்ல.

அப்படியானால் தெளிப்பது வீணா? இல்லை. தாது உப்பு ஒரு நாள் மறந்துபோகும், பச்சைப்புல் மறக்காது.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். கார அமில நிலை 8-ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. குறைவு தெரிந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து இடலாம். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களோடு மட்டும் கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து பயிருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

இலையில் ஏற வேண்டுமென்றால் தெளிப்புதான் கைகொடுக்கும். லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதைத் தனியாக அடித்தால் இலை கருகும் என்பதால் இரண்டரை கிராம் நீற்றிய சுண்ணாம்பு. சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் பத்தாவது நிமிடத்தில் நாசில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் குச்சியால் குத்திக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அறுத்த 20-ஆம் நாளும் 30-ஆம் நாளும் மாலையில் தெளித்து, 45-ஆம் நாள் அறுங்கள். தெளித்த கையோடு அறுத்துப் போட்டால் மாடு தின்பது இலைக்குள் ஏறிய சத்தை அல்ல, மேலே ஒட்டிய உப்பை. வரப்போரம் வேலிமசாலும் போட்டு வையுங்கள். பயறுவகைத் தீவனத்தில் பொதுவாகத் தாதுக்கள் புல்லைவிடக் கூடுதல்.

துத்தநாகம் வேலை செய்கிறதே என்று காப்பர் சல்பேட்டையும் சேர்க்கத் தோன்றும். தொழுவத்தில் செம்மறி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தாமிரம் அதன் ஈரலில் சத்தமில்லாமல் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம்.

சரி, அந்த ஒரு மாடு. நான்கும் ஒரே தீனி தின்ன, ஒன்றுக்கு மட்டும் செதில் என்றால் எனக்குச் சொறி உண்ணியின் மேல்தான் முதல் சந்தேகம். கால்நடை மருத்துவரிடம் காட்டித் தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், கருப்பையையும் அப்போதே பார்த்துவிடட்டும்.