பூங்காவுக்கு நிதி கேட்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஊஞ்சல் உடைந்து கிடக்கிறது, நடைபாதையும் பெயர்ந்துவிட்டது. ஓர் அறக்கட்டளை நிதியுதவிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. கடைசித் தேதிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்து. திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் செலவழிக்க யாரும் பணம் தர மாட்டார்கள். பெரும்பாலான பூங்காக்கள் உள்ளாட்சி அமைப்பின் பெயரில்தான் இருக்கும். அவர்களிடம் எழுத்துபூர்வமான அனுமதி வாங்க எத்தனை நாளாகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆறு வாரத்தில் கிடைக்காது என்றால் இந்தச் சுற்றை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தயாராவதே மேல்.

‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாது. என்னென்ன வேலைகளுக்கு அனுமதி, இன்னும் எத்தனை ஆண்டு அந்த இடம் பூங்காவாகவே இருக்கும், புதிதாக வைக்கும் ஊஞ்சலும் பெஞ்சும் யாருடைய சொத்து, பழுதானால் யார் பார்ப்பது, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். நிலத்தடியில் குடிநீர்க் குழாயோ மின்கேபிளோ போகிறதா என்பதையும் அப்போதே கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளம் தோண்டிய பிறகு தெரிந்தால் வேலையும் நிற்கும், செலவும் ஏறும்.

உங்கள் சங்கம் பதிவு பெறாததாக இருந்தால், பதிவும் தணிக்கை செய்த கணக்கும் உள்ள வேறோர் அமைப்பு உங்கள் சார்பில் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்கலாமா என்று விதிமுறையில் பாருங்கள். அந்த அமைப்பு சேவைக் கட்டணம் கேட்டால் அதையும் மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும்.

கேள்வி: ‘பூங்கா பாழடைந்து கிடக்கிறது’ என்று படங்களோடு எழுதினால் போதாதா? ‘தேவையை நிரூபிக்கவும்’ என்று கேட்கிறார்களே?

பதில்: படம் வேண்டியதுதான். ஆனால் விண்ணப்பிக்கிற எல்லாருமே உடைந்த பெஞ்சின் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். தலைக்கணக்கு எடுத்து அனுப்புகிறவர்கள் குறைவு.

பூங்காவின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள். வேலை நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. காலை, நண்பகல், மாலை, இருட்டிய பிறகு என நான்கு வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரே பாதையில் ஒரு சுற்று வந்து, கண்ணில் படுகிற ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் குறியுங்கள்: குழந்தையா, பெரியவரா, முதியவரா, ஆணா, பெண்ணா, உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, விளையாடுகிறாரா. இரண்டு வாரம் இப்படிச் செய்தால், மழை பெய்த ஒரு நாளால் கணக்கு கெடாது. வேலை முடிந்த பிறகும் இதே முறையில் எண்ணினால் அதுவே உங்கள் இறுதி அறிக்கைக்கும் ஆகும்.

கருத்துக் கேட்பதைப் பூங்காவுக்கு உள்ளே மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இருப்பவர் எப்படியும் வருகிறவர். வராதவர்களைப் பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும்தான் பிடிக்க முடியும். ‘ஊஞ்சல் வேண்டுமா?’ என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? ‘கடைசியாக எப்போது வந்தீர்கள், பிறகு ஏன் வரவில்லை?’ என்று கேளுங்கள். விளக்கு இல்லை, கழிப்பறை இல்லை, கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது என்ற பதில்கள் நிறைய வந்தால் உங்கள் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். இருட்டுக்குப் பயந்து வராதவர்களைப் புது ஊஞ்சல் வைத்து வரவழைக்க முடியாது.

கேள்வி: ஊஞ்சல் விற்கும் நிறுவனத்திடம் விலைப்புள்ளி வாங்கிவிட்டோம். அந்தத் தொகையையே கேட்கலாமா?

பதில்: கூடாது. அது பெரும்பாலும் கருவியின் விலை மட்டும்தான். பழையதைப் பெயர்த்து அகற்றுவது, ஏற்றி இறக்குவது, அடித்தளக் கான்கிரீட், வரி, பாதுகாப்புப் பரிசோதனை, இவை அதில் உண்டா என்று வரி வரியாகப் பாருங்கள். எல்லாவற்றையும் விட அதிகம் விட்டுப்போவது ஊஞ்சலுக்கு அடியில் போட வேண்டிய தரைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத்திடல் கையேட்டின்படி, ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும், அதே அளவு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். கம்பி 2.4 மீட்டர் உயரம் என்றால் முன்னே 4.8, பின்னே 4.8, மொத்தம் 9.6 மீட்டர். சட்டத்தின் அகலம் 3 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 1.8 மீட்டர் சேர்த்து 6.6 மீட்டர். இந்த இடம் முழுக்க, விழுந்தாலும் அடிபடாத மெத்தான தரை வேண்டும். மரச்சில்லு போடுவதானால் 23 சென்டிமீட்டர் ஆழம் எப்போதும் நிற்க வேண்டும். இப்படி உதிரியாகக் கொட்டும் பொருள் நாளாக ஆகக் கால்பங்காவது அமுங்கும் என்பதால் தொடக்கத்தில் 30 சென்டிமீட்டர் போட வேண்டும். ஆக, ஓர் ஊஞ்சலுக்கு மட்டும் சுமார் 19 கனமீட்டர் மரச்சில்லு. அதைத் தடுத்து நிறுத்தும் விளிம்புக்கட்டு, அடியில் நீர் வடியும் அமைப்பு இரண்டும் தனி.

மணல் போட்டால் செலவு மிச்சமே என்று சிலர் நினைக்கிறார்கள். அதே கையேட்டில் 23 சென்டிமீட்டர் மணல் தாங்குவது சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத்தான்; மரச்சில்லோ சுமார் 3 மீட்டர் வரை. எனவே 2.4 மீட்டர் ஊஞ்சலுக்கு அந்த மணல் உதவாது. உங்கள் நாட்டில் தனித் தரநிலை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எந்தத் தரநிலைப்படி செய்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினால் மதிப்பிடுபவருக்கு நம்பிக்கை வரும்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்திலும் இதே கதைதான். 1:12 சரிவு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால் 30 சென்டிமீட்டர் படியைக் கடக்க 3.6 மீட்டர் நீளம் தேவை. வாசலில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று நாடாவைப் பிடித்து அளந்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் தனியாகக் காட்டுங்கள். விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்தில் காலாவதியாகிற விலையை வைத்து விண்ணப்பித்து, ஏழாவது மாதம் பணம் வந்தால் துண்டு விழும். நிதி தந்தவர் பெயரோடு பலகை வைக்கச் சொல்வார்கள், அதுவும் செலவுதான்.

கேள்வி: எங்கள் பங்காக 25 சதவீதம் காட்டச் சொல்கிறார்கள். கையில் பணம் இல்லை. உழைப்பைக் கணக்கில் காட்டலாமா?

பதில்: பல இடங்களில் காட்டலாம், விதிமுறையில் அப்படி இருந்தால். முதலில் எதில் 25 சதவீதம் என்று பாருங்கள். மொத்தச் செலவு 100 என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தில் 25 சதவீதம் என்றால் உங்கள் பங்கு 25, அவர்களுடையது 75. தரும் நிதியில் 25 சதவீதம் என்றால் உங்களுடையது 20, அவர்களுடையது 80.

உழைப்புக்கு மதிப்பு போடும்போது செய்கிற வேலையைப் பாருங்கள், செய்கிற ஆளை அல்ல. பொறியாளர் வந்து குழி வெட்டினாலும் அது குழி வெட்டும் கூலிதான். அவரே வரைபடம் போட்டுக் கொடுத்தால் பொறியாளர் கட்டணம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வேலை, கையெழுத்து என்று ஒரு பதிவேடு வேண்டும். கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய பதிவேடு, ஒரே பேனா ஒரே கையெழுத்தாகத் தெரிந்து தணிக்கையில் மாட்டும். நிதி ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் செய்த வேலை பெரும்பாலும் கணக்கில் வராது. ஒரே உழைப்பை இரண்டு நிதியாளர்களிடம் காட்டவே கூடாது.

கேள்வி: பராமரிப்புக்கும் நிதி கேட்கலாமா?

பதில்: பெரும்பாலும் தர மாட்டார்கள். ஆனால் பராமரிப்புத் திட்டம் இல்லாத விண்ணப்பத்துக்கு மற்றதையும் தர மாட்டார்கள். ‘சங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்பது திட்டமல்ல. மாதம் ஒருமுறை ஊஞ்சல் சங்கிலியும் மரையாணியும் பார்ப்பது யார், அமுங்கிய மரச்சில்லுக்கு மேல் போட எங்கிருந்து பணம், நட்ட கன்றுகளுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றுவது யார், விளக்குக்கு மின்கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்று பொறுப்பாளரும் ஆண்டுச் செலவும் போட்டு ஒரு பக்க அட்டவணை தயார் செய்யுங்கள். உள்ளாட்சி ஏற்கும் வேலைகளுக்கு அவர்கள் கையெழுத்தும் வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட முடியாத செலவுகள் அதில் நிறைய இருந்தால், திட்டத்தைக் குறைத்துக் கேட்பதுதான் சரி. மூன்று கருவிக்குப் பதில் ஒன்று போதும்.

கேள்வி: வேலையை முடித்து ரசீது கொடுத்த பிறகுதான் பணம் என்கிறார்கள். சமாளிக்க முடியுமா?

பதில்: கையிருப்பு இல்லாத சங்கத்துக்குக் கஷ்டம்தான். தவணையாகத் தருவார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். மறுத்தால் ஒப்பந்ததாரரிடம் பணம் கொடுக்கும் நாளைத் தள்ளிப்போட முடியுமா என்று பேசி எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் நடக்காவிட்டால் வேறு நிதியாளரைத் தேடுவதே நல்லது.

கேள்வி: போன முறை நிராகரித்துவிட்டார்கள். அதையே மறுபடி அனுப்பலாமா?

பதில்: மதிப்பெண்ணும் குறிப்பும் கேட்டு வாங்காமல் அனுப்பாதீர்கள். கேட்டால் பலர் தருகிறார்கள். திட்டம் பிடிக்காமல் நிராகரித்தார்களா, இணைப்புத் தாள் ஒன்று இல்லாமல் போனதா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது காரணமென்றால் விட்டுப்போன தாளைச் சேர்த்து, விலைப்புள்ளிகளைப் புதுப்பித்து அனுப்புங்கள்.