நாற்றுக்கு மேலே அரைச் சாண்

வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொடர்மாடியில் மூன்றாம் தளத்தில் இருக்கிறோம். யன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். யோகட் கப்பில் போட்ட தக்காளியும் மிளகாயும் முளைத்து ஒரு கிழமைக்குள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டன. மூன்றடி மேலே 9 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று இரவு பகலாக எரிகிறது. பசளை போதாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பசளையைத் தொடாதீர்கள். முளைத்த முதல் நாட்களுக்கு வேண்டிய உணவு, முதலில் விரியும் வித்திலைச் சோடியிலேயே இருக்கிறது. பிழை மின்குமிழின் உயரத்தில்.

9 வாட் மின்குமிழின் ஒளி மூன்றடி கீழே வந்து சேரும்போது ஏறக்குறைய 250 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு). புத்தகம் வாசிக்க அது போதும். நாற்றுக்கோ முளைத்த உடனேயே 5,000 லக்ஸாவது வேண்டும். வித்திலைக்கு அடுத்து விடும் உண்மை இலை வந்தபின் 10,000 முதல் 15,000 வரை. கொழும்பு நடுப்பகல் வெயில் 1,00,000 லக்ஸை எட்டும். அறை இருட்டுக்கும் வெயிலுக்கும் நம் கண் தன்னை மாற்றிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குப் பிடிபடுவதில்லை, செடிக்குப் பிடிபடும். வேறொரு செடியின் நிழலில் அகப்பட்டதைப்போல அது தண்டை நீட்டி வெளிச்சம் தேடும். இரவிலும் குறையாத நம் ஊர்ச் சூடு அந்த நீட்சியை இன்னும் விரைவாக்கும்.

அதே மின்குமிழை நாற்றின் நுனியிலிருந்து ஆறங்குலத்துக்கு இறக்குங்கள். நேர் கீழே ஒளி பல மடங்கு கூடும். ஆனால் அந்த வட்டத்துக்குள் மூன்று நான்கு கப் மட்டுமே அடங்கும். சிறிய மின்குமிழைப் பொறுத்தவரை தூரம் இரட்டித்தால் ஒளி கால்வாசியாகிவிடும். டியூப் நீளமானதால் அதில் இழப்பு அவ்வளவு கடுமையில்லை. தட்டுக் கணக்கில் நாற்று வளர்ப்பவர்களுக்கு டியூப்தான் சரி என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

நான்கடி நீளம், ஓரடி அகலமான இறாக்கைத் தட்டு ஒன்றுக்கு 18 வாட் எல்.ஈ.டி. டியூப் மூன்று வேண்டும். பெட்டியில் 6500கே என்று போட்ட வெள்ளை ஒளியாகப் பாருங்கள். அதில் நீலம் கூடுதலாக இருப்பதால் தண்டு குட்டையாகத் திரளும். டியூப்களுக்கிடையே நாலங்குலம் விட்டு ஒரு பலகையில் பூட்டி, பலகையை இரு பக்கமும் சங்கிலியில் தொங்கவிடுங்கள். கயிறு வேண்டாம். நாற்று வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றச் சங்கிலிதான் வசதி. டியூப்புக்கும் நாற்றின் நுனிக்கும் இடையே எப்போதும் அரைச் சாண், அதாவது நாலு முதல் ஐந்து அங்குலம். இரண்டு நாளுக்கொருமுறை அளந்து ஏற்றுங்கள். தக்காளியும் மிளகாயும் ஒரே பலகையின் கீழ் இருந்தால் உயரமான தக்காளிக்கு ஏற்ப ஏற்றிவிட்டு, மிளகாய்த் தட்டின் கீழே ஒரு செங்கல்லை வையுங்கள்.

டியூப்பின் இரு முனையிலும் ஒளி குறைவு. ஓரத்துத் தட்டை மூன்று நாளுக்கொருமுறை நடுவுக்கு மாற்றுங்கள். பக்கங்களில் வெள்ளை பிரிஸ்டல் போர்ட் நிறுத்தினால் வெளியே சிதறும் ஒளியில் ஒரு பங்கு திரும்பி வரும். டியூப்பில் போர்ட் முட்டக்கூடாது. கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை இறக்கி, திரை மேலே பார்க்க இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். எண் துல்லியமாக இராது. நடுவையும் ஓரத்தையும் ஒப்பிட அதுவே போதும்.

இலை வெளிறினாலோ, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டாலோ விளக்கு மிகக் கிட்ட இருக்கிறது. இரண்டு அங்குலம் ஏற்றுங்கள். புறங்கையை வைத்துச் சூடு பார்க்கும் பழைய முறையை மட்டும் நம்பவேண்டாம். எல்.ஈ.டி. சுடாமலே இலையை வெளிற வைக்கும்.

நீண்டுபோன தக்காளியைக் காப்பாற்றலாம். வித்திலை வரை தண்டைப் புதைத்து நட்டால் புதைந்த பகுதியிலிருந்து வேர் விடும். மிளகாய் அப்படி இலகுவில் வேர் விடாது. அதைத் திரும்பப் போடுவதே நல்லது. இம்முறை முதல் முளை மண்ணைக் கிளப்பும் அன்றே விளக்கைப் போடுங்கள். இரண்டு நாள் பிந்தினாலும் தண்டு நீண்டுவிடும்.

கேள்வி: விளக்கை எத்தனை மணி நேரம் போடவேண்டும்? மின்கட்டணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 16 மணி நேரம் எரியட்டும், 8 மணி நேரம் இருட்டாக இருக்கட்டும். நாள் முழுவதும் எரித்தால் தக்காளியின் இலை மஞ்சளாகும். 18 வாட் டியூப் மூன்றும் 16 மணி நேரத்துக்கு 0.86 அலகு எடுக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 26 அலகு. அலகு கூடக் கூட விலையும் ஏறும் என்பதால் உங்கள் பட்டியலில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நாற்றுக்கு நான்கு முதல் ஆறு கிழமைதான் விளக்குத் தேவை. ஒரு டைமர் வாங்கிப் பூட்டுங்கள். நீர் வடியும் தட்டுக்குக் கீழே பிளக்கையோ எக்ஸ்டென்ஷன் வயரையோ வைக்கவே கூடாது.

கேள்வி: விளக்கெல்லாம் சரி. ஆனால் நாற்று மண் மட்டத்தில் கருகி மடிந்து விழுகிறது.
– வாசகி, தெஹிவளை

பதில்: இது நாற்றழுகல், பூஞ்சண வகை நோய். விளக்கை மாற்றி இதை நிறுத்த முடியாது. நெருக்கமாகப் போட்ட விதை, ஈரம் காயாத தும்புச்சோறு, அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் வரும். விழுந்ததைச் சுற்றியுள்ள கலவையோடு அள்ளி எறியுங்கள். மேற்பரப்பு காய்ந்தபின் காலையில் மட்டும், தட்டின் அடியிலிருந்து நீர் ஊறவிட்டு, அரை மணி நேரத்தில் மிச்ச நீரை ஊற்றிவிடுங்கள். சிறிய மின்விசிறியை இலை மெல்ல அசையும் அளவுக்கு ஓடவிட்டால் ஈரமும் காயும், தண்டும் பருக்கும். பழைய கப்பைக் கழுவாமல் திரும்பப் பாவிக்கவேண்டாம்.

கேள்வி: நாற்றை எப்போது பல்கனிக்கு எடுக்கலாம்?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: நான்கு ஐந்து உண்மை இலை வந்தபின். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் போதும். நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி, எட்டுப் பத்து நாளில் முழுவதும் வெளியே விடலாம். ஒரேயடியாக நடுப்பகலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துபோகும். கடற்கரைப் பக்கப் பல்கனி என்றால் காற்றில் வரும் உப்பு இலையில் படியும். மாலையில் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.