டேங்கா, இன்ஸ்டன்ட்டா? ஹீட்டர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் நான்கு பேர், இரண்டு குளியலறை. டேங்க் ஹீட்டரா, டேங்க் இல்லாத இன்ஸ்டன்ட்டா என்று ஒரு மாதமாகப் பட்டிமன்றம். தீர்ப்பு சொல்லுங்கள்.

முதலில் ஒரு வாளியை வைத்து ஷவரை ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். பெரும்பாலும் 6 முதல் 9 லிட்டர் விழும். அந்த எண்தான் தீர்ப்பு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். எந்த விளம்பரமும் இதை மாற்ற முடியாது. 20 டிகிரி ஏற்றவேண்டுமென்றால் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் நிமிடத்துக்கு 2 லிட்டர் சொச்சம்தான் தரும். கை கழுவ, பாத்திரம் கழுவப் போதும். ஷவரில் நூல் மாதிரி வரும். 8 லிட்டர் வேண்டுமென்றால் 11 கிலோவாட், அதாவது 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 48 ஆம்பியர். இரண்டு ஷவரும் ஒன்றாக ஓடினால் அது இரட்டிப்பு. உங்கள் மின் இணைப்பு அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தாங்காதென்றால் குளியலறைக்கு ஒரு டேங்க், பேச்சே இல்லை. சமையல் அடுப்புக்கு மட்டும் போட்டதாக இல்லாமல், பெரிய எரிவாயு இணைப்பு இருக்கிறதா? அப்படியானால் டேங்க் இல்லாத எரிவாயு ஹீட்டருக்கே என் ஓட்டு.

15 லிட்டர் டேங்க் ஒருவருக்குப் போதுமா?

60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 25 டிகிரித் தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். இது காகிதக் கணக்கு. சூடான தண்ணீர் வெளியே போகப் போக, கீழே பச்சைத் தண்ணீர் நுழைந்து கொஞ்சம் கலந்துவிடுவதால் நிஜத்தில் குறையும். ஷவரில் நான்கு நிமிடம் என்று வையுங்கள். அப்புறம் 2 கிலோவாட் காயில், அதாவது சூடாக்கும் கம்பிச்சுருள், மறுபடி சூடாக்க 18 நிமிடம் ஆகும். அடுத்தவர் கதவைத் தட்டாத வீடென்றால் போதும்.

டேங்க் இல்லாததில் குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் வருமா?

வராது. குழாய்க்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீர் முதலில் வெளியேற வேண்டும். ஹீட்டர் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு காத்திருப்பு. மூடி உடனே திறந்தால், சூட்டுக்கு நடுவே ஒரு மடக்கு குளிர்ந்த தண்ணீரும் வரும். அது கோளாறு இல்லை.

கரண்ட் பில் குறைய டேங்கை 45 டிகிரியில் வைக்கலாமா?

வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில்தான் நிமோனியா தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். அதனால்தான் டேங்கில் 60 டிகிரி என்கிறார்கள். ஆனால் அந்தச் சூடு சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால், தானே வெப்பத்தைச் சரிசெய்யும் மிக்ஸிங் வால்வு ஒன்றைக் குழாய்க்கு முன்னால் போடுங்கள். இன்ஸ்டன்ட்டில் தண்ணீர் தேங்குவதில்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் அதுவே மேல்.

எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். எது தாங்கும்?

இரண்டுமே திணறும். இன்ஸ்டன்ட்டின் குறுகலான பாதைகளில் உப்பு படிந்து சீக்கிரம் அடைக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அமிலக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். டேங்கில் காயில் மீது படியும். இரும்பு டேங்கென்றால் உள்ளே ஆனோடு என்று ஒரு கம்பி இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதில் அந்தக் கம்பி அரிபட்டுத் தேயும். தேய்ந்ததை மாற்றாவிட்டால் அடுத்தது டேங்க்தான். விற்கும்போது இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் முதல் ஹீட்டர் ஒழுகிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எரிவாயு ஹீட்டரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டலாமா?

கூடாது. எரிவாயு சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. மயங்கி விழும்வரை தெரியாது. வெளியே மாட்டுங்கள்.

டேங்கின் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடட்டுமா?

ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள்! சூடானால் தண்ணீர் விரியும். கூடுதல் அழுத்தத்துக்கு அதுதான் வடிகால். அடைத்தால் டேங்க் வெடிக்கலாம். சூடாகும்போது மட்டும் சொட்டினால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்கச் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.