வேலூரை வைத்தே புவியியல்: கேள்வி பதில்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்.

காட்பாடி: சார், ஆற்றின் வலக்கரை என்றால் எது? நாம் நிற்கிற பக்கத்தைப் பொறுத்து மாறிவிடாதா?

மாறாது. தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வலது கைப் பக்கம் இருப்பது வலக்கரை. பாலாறு கிழக்கு நோக்கிப் போகிறது. அதனால் வேலூர், ஆற்காடு வலக்கரை. உங்கள் காட்பாடியும் ராணிப்பேட்டையும் இடக்கரை. ஆற்றில் ஏது தண்ணீர் என்று கேட்டுவிடாதீர்கள், மணல் கிடந்தாலும் கணக்கு இதுதான்.

ஆம்பூர்: தாத்தா வட ஆற்காடு என்கிறார், அப்பா வேலூர் மாவட்டம் என்கிறார், என் சான்றிதழில் திருப்பத்தூர் என்று இருக்கிறது. எது சரி?

மூன்றும் சரிதான் தம்பி, காலம்தான் வேறு. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனியாகப் போயின. வேடிக்கை என்னவென்றால், பெயர் கொடுத்த ஆற்காடு இப்போது வேலூர் மாவட்டத்திலேயே இல்லை, ராணிப்பேட்டையில் இருக்கிறது.

இவையெல்லாம் நிர்வாகப் பகுதிகள். அரசாணை வந்தால் எல்லை மாறும். ஜவ்வாது மலை இயற்கைப் பகுதி. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்திலும் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. பாலாற்று வடிநிலம், அதாவது பாலாற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு, இன்னும் பெரிது: நந்தி மலைப் பக்கம் தொடங்கி, ஆந்திரத்தைத் தொட்டு, வயலூர் அருகே கடலில் முடிகிறது. ஆற்றின் நீளம் 348 கிலோமீட்டர், அதில் 222 தமிழ்நாட்டில். வினாத்தாளில் ‘பகுதி’ என்று கண்டால், எந்த வகைப் பகுதி என்று முதலில் பாருங்கள்.

குடியாத்தம்: வட்டமும் ஒன்றியமும் ஒன்றா?

இல்லை. மாவட்டம், கோட்டம், வட்டம், பிர்கா, வருவாய் கிராமம் என்பது வருவாய்த் துறையின் வரிசை. ஒன்றியமும் ஊராட்சியும் உள்ளாட்சி. பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ், தெருவிளக்குக்கு ஊராட்சி.

வாலாஜா: அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் குழம்புகிறது அய்யா.

கூகுள் மேப்பில் வேலூர் 12.92, 79.13 என்று வரும். முதலில் வருவது அட்சம், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு என்பது. இரண்டாவது தீர்க்கம், கிரீன்விச்சுக்குக் கிழக்கே எவ்வளவு என்பது. மாற்றிப் போட்டுப் பாருங்களேன்: ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவில் போய் நிற்பீர்கள், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில்! வேலூர் வெயிலுக்கு மோசமில்லை.

தீர்க்கம்தான் நேரத்தையும் சொல்லும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கத்துக்கு உரியது. வேலூர் அதற்கு மேற்கே சுமார் 3.4 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் தாமதம். ஆகவே வேலூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 13 நிமிட வாக்கில்.

சத்துவாச்சாரி: சென்னையை விட இங்கே ஏன் இப்படிக் கொளுத்துகிறது?

கடல் தள்ளி இருக்கிறது. மே மாதத்தில் சென்னைக்கு மதியமே கடற்காற்று வந்து சூட்டைத் தணிக்கும். நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் நமக்கு அது வந்து சேர்ந்தால் உண்டு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் தலைக்கு மேலே வேறு வரும். ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை.

வாணியம்பாடி: ஏலகிரி 1,110 மீட்டர் என்றால் எங்கள் ஊரிலிருந்தா அளப்பது?

சராசரிக் கடல் மட்டத்திலிருந்து. அடிவாரமே சில நூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் நீங்கள் வண்டியில் ஏறுவது 1,110-ஐ விடக் குறைவு. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையின் அடியில் பொடி எழுத்தில் உங்கள் ஊரின் உயரம் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.