எந்த வாசலில் எந்தப் பாஸ்போர்ட்? கொங்கு மக்களின் கேள்விகளுக்குப் பதில்

கோவை காந்திபுரத்தில் 22 ஆண்டுகளாக விமான டிக்கெட், விசா வேலை பார்த்து வருகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை விளக்கமாக எழுதுகிறேன்.

பெருந்துறையிலிருந்து ஒரு தந்தை: மகன் போன ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான். இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் நான்கு ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன. தை மாதம் ஊருக்கு வருவதற்கு அதையே காட்டினால் விசாச் செலவு மிச்சம்தானே?

வேண்டாம் ஐயா. பாஸ்போர்ட்டில் அச்சிட்ட தேதிக்கு இன்னும் நாள் இருக்கலாம், ஆனால் உங்கள் மகனின் இந்தியக் குடியுரிமை அமெரிக்காவில் உறுதிமொழி எடுத்த அன்றே முடிந்துவிட்டது. அரசியல் சாசனத்தின் 9ஆவது பிரிவும் 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியர் அல்ல. அதற்குப் பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம்.

வருகிறபோது எப்படியோ தப்பினாலும் திரும்புகிறபோது சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்தான். குடியேற்றப் பிரிவு அதிகாரி அவனுடைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "அமெரிக்கா போக விசா எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் பச்சை அட்டையை (கிரீன் கார்டு) குடியுரிமை வாங்கும்போதே திருப்பிக் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லாமல் பைக்குள்ளிருந்து அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். அதில் இந்திய விசாவும் இல்லை, உள்ளே வந்த முத்திரையும் இல்லை. இரண்டு பாஸ்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் பார்த்தபோது தன் கை நடுங்கியது என்று சொன்னான். அன்று விமானம் அவனில்லாமல் போய்விட்டது.

இந்தியத் தூதரகத்தில் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்கச் சொல்லுங்கள். பிறகு ஓசிஐ (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக இந்திய அரசு தரும் அட்டை அது. தைக்குள் அது கைக்கு வராவிட்டால் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் விசா எடுத்து வரட்டும்.

திருப்பூரிலிருந்து ஓர் இளம் தாய்: என் மகள் அமெரிக்காவில் பிறந்தவள், மூன்று வயது. அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது. 18 வயது வரை இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், உண்மையா?

இதில் பாதிதான் உண்மை அம்மிணி. வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் இந்தியக் குடியுரிமையும் பிறந்த மண்ணால் வேறு குடியுரிமையும் உள்ள குழந்தை, 18 வயது நிறைந்து ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழக்கும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஊரில் பேசுவது அந்த வரியைத்தான். ஆனால் அப்படிப் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பதியும்போது, குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மகளிடம் ஏற்கெனவே அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது. அமெரிக்கச் சட்டமோ தன் குடிமக்கள் தன் பாஸ்போர்ட்டில்தான் வந்துபோக வேண்டும் என்கிறது. ஆகவே அவளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும்தான். பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால் ஓசிஐ கிடைப்பதில் தடையில்லை.

ஈரோட்டிலிருந்து: பேரனுக்கு 14 வயதில் புதுப் பாஸ்போர்ட் வந்திருக்கிறது. ஓசிஐ அட்டையையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். புதுப் பாஸ்போர்ட்டின் நகலையும் புதுப் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓசிஐ இணையதளத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. 20 வயது நிறைந்தபின் வாங்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு முறை அட்டையை மாற்ற வேண்டும்.

கனடாவிலிருந்து ஒருவர்: எனக்குக் கனடா, இலங்கை இரண்டு குடியுரிமையும் முறைப்படி இருக்கின்றன. பாட்டி கோத்தகிரியில் இருக்கிறார். கொழும்பு வழியாக அவரைப் பார்க்க வருகிறேன். எங்கே எதைக் காட்டுவது?

இந்த மாதம் வந்த கேள்விகளில் உண்மையாகவே இரண்டு பாஸ்போர்ட் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். இலங்கைத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்குள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். பாதிக் குடும்பம் இங்கே, பாதி அங்கே என்று பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மூன்றாவது நாட்டிலிருந்து வருகிறார்கள். அப்படி ஒருவருக்கு டிக்கெட் போடும் நாள் எனக்கு நிறைவான நாள்.

இலங்கைக்குள் நுழையவும் வெளியேறவும் இலங்கைப் பாஸ்போர்ட். இந்திய விசாவை எந்தப் பாஸ்போர்ட்டில் எடுக்கிறீர்களோ, அதிலேயே இந்தியாவுக்குள் நுழைந்து அதிலேயே வெளியேற வேண்டும். நடுவில் மாற்றவே கூடாது. விசா விண்ணப்பத்தில் வேறு குடியுரிமை உண்டா என்று கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். திரும்பும்போது விமான நிறுவனத்திடம் கனடாப் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். 2016 நவம்பர் முதல் உங்களைப் போல இரட்டைக் குடியுரிமை உள்ள கனடியர்கள் அது இல்லாமல் கனடா செல்லும் விமானத்தில் ஏற முடியாது. குடியேற்றப் பிரிவு கேட்பது வேறு, விமான நிறுவனத்தின் கவுண்டர் கேட்பது வேறு. முன்னவர் நீங்கள் உள்ளே வந்த தாளைப் பார்ப்பார், பின்னவர் போகிற நாடு உங்களை உள்ளே விடுமா என்று பார்ப்பார். ஆகவே இரண்டையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. பாட்டி இந்தியக் குடியுரிமை பெற்றவர் என்றால் பேரன் என்ற முறையில் நீங்களும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாட்டியின் குடியுரிமைச் சான்றையும், உங்கள் பிறப்புச் சான்றையும், இடையில் அம்மாவின் பிறப்புச் சான்றையும் தேடி எடுங்கள். தகரப்பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தத் தாளைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

காங்கேயத்திலிருந்து: இந்தியப் பாஸ்போர்ட்டில் என் தம்பிக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. அமெரிக்காவில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டான். டிக்கெட்டை எந்தப் பெயரில் எடுப்பது?

கவுண்டரில் காட்டப்போகும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. இனிஷியலோடு வாழும் நமக்கு இது தீராத தொல்லை. பட்டாவில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் மூன்றாவது பெயர். தூதரகம் ரத்து செய்து திருப்பித் தந்த பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை அவர் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்று நாளைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்ட அதுவும் பெயர் மாற்றச் சான்றும்தான் உதவும்.

கோபியிலிருந்து: ஓசிஐ அட்டை இருக்கிறது. எங்கள் தோட்டத்தை ஒட்டி மூன்று ஏக்கர் விலைக்கு வருகிறது. என் பெயரில் வாங்கலாமா?

முடியாது. ஓசிஐ அட்டை இரட்டைக் குடியுரிமை ஆகாது. அதை வைத்து வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு மூன்றையும் வாங்க முடியாது. ஓட்டும் கிடையாது. அப்பா காலத்துக்குப் பின் வாரிசாக வரும் தோட்டம் உங்களுடையதுதான், அதில் ஐயமே வேண்டாம். ஆனால் அதை விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கு மட்டுமே விற்கலாம். வேறொருவர் பெயரில் எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று தரகர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி நிலத்தையும் இழந்து அண்ணன் தம்பி உறவையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

வெள்ளகோவிலிலிருந்து ஓர் அம்மா: எனக்கு 71 வயது. பச்சை அட்டை இருக்கிறது. குடியுரிமை வாங்கிவிடச் சொல்லி மகன் வற்புறுத்துகிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்காவிட்டால் அவனைப் போய்ப் பார்க்க முடியாதா?

போகலாம் அம்மா. பச்சை அட்டை என்பது அங்கே தங்குவதற்கான உரிமை மட்டுமே, அதனால் நீங்கள் அமெரிக்கராகிவிடவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டும் அந்த அட்டையும் இருந்தால் போய் வரலாம்.

மகன் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் திரும்பும்போது அங்கே கேள்வி கேட்பார்கள். தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் அந்த அட்டையை மட்டும் காட்டி நுழைய முடியாது. நீண்ட நாள் இங்கே இருக்கப் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே அங்கிருந்தபடி மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே வந்தபின் விண்ணப்பிக்க முடியாது. குடியுரிமை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதில் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஓட்டும் போய்விடும், இனிப் புதிதாகத் தோட்டம் வாங்க முடியாது. ஆண்டில் பெரும்பகுதி எந்த வீட்டில் இருக்க விரும்புகிறீர்கள் என்பதை மகனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது தெரியாமல்தான் அவரும் வற்புறுத்துகிறார் என்று நினைக்கிறேன்.

உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாக ஏழு மாதம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவு எதுவானாலும் முதலில் அதைப் புதுப்பித்துவிடுவோம். கோவைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு உட்பட்டதுதான் உங்கள் ஊர். பழைய பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன்.