பதிவு செய்தும் நிற்காத விளம்பர அழைப்புகள்

கேள்வி: விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று முறைப்படி பதிவு செய்து பல மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் கடன், காப்பீடு, முதலீடு என்று யாராவது அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் எண்ணைத் தடுத்தால் இன்னோர் எண்ணிலிருந்து வருகிறது. சில நேரம் எடுத்தால் எதிர்முனையில் பேச்சே இல்லை. நான் செய்த பதிவு வேலை செய்யவில்லையா?

பதில்: வேலை செய்கிறது. ஆனால் உங்களை அழைப்பவர்கள் எல்லோரும் அந்தப் பதிவுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அழைப்பது யார் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்த வழியை அடைப்பது என்று தெரியும்.

'அழைக்க வேண்டாம்' பதிவேடு பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 2003 முதலும் கனடாவில் 2008 முதலும் உள்ளது. இந்தியாவில் 1909 என்ற எண்ணுக்கு அழைத்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ பதிந்துகொள்ளலாம். சட்டப்படி இயங்கும் விற்பனை நிறுவனங்கள் தாங்கள் அழைக்கவிருக்கும் எண்களை இந்தப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, அதில் உள்ளவற்றை நீக்கிவிட வேண்டும். சட்டத்தை மதிக்காதவர்கள் அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சட்டத்தை மதிப்பவர்களிடமிருந்தும் அழைப்பு வர ஒரு வழி உண்டு. பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அது நீங்களே கொடுத்த சம்மதம். கடன் வட்டியை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இணையதளத்தில் எண்ணைத் தருகிறீர்கள். புதிய செயலியை நிறுவும்போது நிபந்தனைகளைப் படிக்காமல் ஒப்புக்கொள்கிறீர்கள். 'எங்கள் கூட்டாளி நிறுவனங்களும் தொடர்புகொள்ளலாம்' என்ற ஒற்றை வரி அதற்குள் இருக்கும். அப்படித் தந்த சம்மதம் பொதுவாகப் பதிவேட்டையும் மீறிச் செல்லும். அமெரிக்க விதிகளில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது: பதிவேட்டில் பெயர் இருந்தாலும், ஒரு பொருளை வாங்கியிருந்தால் அந்த நிறுவனம் 18 மாதங்கள் வரை அழைக்கலாம், வெறுமனே விசாரித்திருந்தாலே 3 மாதங்கள் வரை அழைக்கலாம். நீங்களாக வேண்டாம் என்று சொன்னால் அத்துடன் அந்த உரிமை முடிந்துவிடும்.

ஆகவே, அறிந்த நிறுவனம் ஒன்று அழைத்தால் கோபத்தில் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். துண்டித்தால் பட்டியலில் உங்கள் எண் 'மீண்டும் முயல்க' என்ற குறிப்புடன் நிற்கவே வாய்ப்பு அதிகம். "என் எண்ணை எங்கிருந்து பெற்றீர்கள்? தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தேதியையும் நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அழைத்தால் உங்கள் புகாருக்கு வலு கூடும்.

எதிர்முனையில் பேச்சில்லாத அழைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டு யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. கால் சென்டர்களில் எண்களைச் சுழற்றுவது மென்பொருள். பாதிப்பேர் எடுக்கமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கும் ஊழியர்களைவிட அதிகமான எண்களை அது ஒரே நேரத்தில் அழைக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் எடுத்துவிட்டால், மிஞ்சியவர்களுடன் பேச ஆளிருக்காது. அந்த மௌனம்தான் உங்கள் காதில் விழுகிறது. நீங்கள் 'ஹலோ' சொன்ன 2 விநாடிகளுக்குள் ஓர் ஊழியர் இணைய வேண்டும், இப்படிக் கைவிடப்படும் அழைப்புகள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. ஆனாலும், எடுத்தவுடன் நீண்ட மௌனம் என்றால் வைத்துவிடுவதே நல்லது. எண்கள் உயிர்ப்புடன் இருக்கின்றனவா என்று சோதிப்பவர்களும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள்.

அடுத்தது, விளம்பர அழைப்பாளராகப் பதிவு செய்யாமல் தொழில் நடத்துபவர்கள். இந்தியாவில் இவர்களை அடையாளம் காண்பது எளிது. பதிவு பெற்ற நிறுவனங்களின் விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும். சாதாரண பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து கடன் வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் அதுவே விதிமீறல். அந்த எண்ணைத் தடுப்பதோடு நின்றுவிடாமல் 1909-லோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் டிஎன்டி ('தொந்தரவு செய்ய வேண்டாம்') செயலியிலோ புகார் செய்யுங்கள். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் புகார் தரலாம். இத்தகையவர்கள்மீது புகார் செய்ய, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று நீங்கள் முன்பே பதிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரே அழைப்பாளர்மீது 10 நாட்களில் 5 புகார்கள் சேர்ந்தால் நடவடிக்கை தொடங்க வழி செய்திருக்கிறார்கள். உங்கள் ஒரு புகாருக்கு இவ்வளவு மதிப்பு இதற்கு முன் இருந்ததில்லை. தேதி, நேரம், எண், பேசியதன் சாரம் ஆகியவற்றை மறக்காமல் சேருங்கள்.

மோசடிக்காரர்கள் மீது இவை எதுவும் செல்லாது. திரையில் தெரியும் எண்ணே போலியாக இருக்கலாம். அதனால்தான் ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று முளைக்கிறது. அந்த எண்ணைத் திரும்ப அழைத்துத் திட்டவும் வேண்டாம். அதன் உண்மையான சொந்தக்காரர் இதில் சம்பந்தமே இல்லாத ஒருவராக இருக்கலாம். 'பட்டியலிலிருந்து நீக்க 9-ஐ அழுத்தவும்' என்ற பதிவுக் குரலுக்கும் பணியாதீர்கள். அழுத்தினால், இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே உறுதிசெய்ததாகிவிடும். பேசாமல் துண்டிப்பதே இங்கு சரி.

அறியாத எண்களை ஒலிக்கவிடாமல் செய்யும் வசதி பல கைபேசிகளில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்தோ வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்தோ அழைப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், அவர்களோடு கலந்து பேசி அவர்களது கைபேசியில் மட்டும் வைக்கலாம். அவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: "உங்கள் எண்ணை டிஎன்டியில் பதிந்து தருகிறோம், வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் அது மோசடி. பதிவு இலவசம், அதற்கான முதல் அழைப்பை நாம்தான் செய்ய வேண்டும்.